திண்ணையும் புறவாசலும்

திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் சாலை வாசுதேவநல்லூரின் நடுவே போகிறது. ரயில் எங்கள் ஊருக்கு வரவில்லை. சங்கரன்கோவிலிலோ பாம்புக்கோவில் சந்தையிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஊருக்கு வந்த மனிதர்கள் எல்லோருமே சாலை வழியே வந்தவர்கள்தான். சாரல் சமயத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு நடக்கிற மாலைக்காரர்கள், ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போகும் குடும்பங்கள், சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும் தரகர்கள், கிளி ஜோசியர், சாணை பிடிக்கிறவர், அம்மி கொத்துகிறவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்.

இவர்களில் யார் வந்து வாசலில் நின்றாலும் எங்கள் ஆச்சி முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவருவாள். விசாரணை பிறகுதான். "எந்தூரு? என்ன சோலியா வந்திய? சாப்பிட்டேளா?" இந்த வரிசையில்தான் கேட்பாள். வந்தவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தண்ணீர் ஏற்கெனவே தொண்டைக்குள் இறங்கியிருக்கும். இப்போது நான் குடியிருக்கும் சென்னை அடுக்ககத்தில் கேட்டிலேயே ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், செல்போன் எண், எந்த வீடு, எத்தனை மணி என்று எழுதி முடித்தால்தான் உள்ளே விடுவார்கள். சாப்பாட்டுப் பையோடு வெயிலில் நிற்கும் பையன் அந்த நோட்டில் குனிந்து எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சியின் செம்பு எனக்கு ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டு வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை உண்டு. சுண்ணாம்பை அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய திண்ணை. சித்திரை மத்தியானத்திலும் முதுகு வைத்தால் சில்லென்று இருக்கும். தெற்குத் திண்ணையின் ஓரத்தில் தலை வைக்கத் தோதாகச் சரிவாக ஒரு திண்டு, காரையிலேயே கட்டியது. அதன் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போன ஒரு வட்டம். எத்தனையோ தலைகள் வைத்த இடம். வீட்டு ஆண்கள் உள்ளே தார்சாவில்தான் படுப்பார்கள், பெண்கள் பட்டாசலில். அந்தத் திண்டு வீட்டார் யாருக்காகவும் கட்டப்படவில்லை. இன்னும் வராத, முன்பின் தெரியாத ஒருவனின் தலைக்காக யாரோ ஒரு பூட்டன் கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஊருக்கு ஓடிவிடுகிறது.

தெற்கத்திச் சீமை முழுவதிலும் இந்தப் பழக்கம் ஊறியிருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் ஜனங்கள் இன்றும் அவள் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கிவைக்கட்டும் என்று நட்ட கல் அது. ஒரு குடும்பத்தின் துக்கம் ஊர் பேர் தெரியாதவனின் கழுத்து வலியைத் தீர்க்கும்படி யோசித்திருக்கிறார்கள். இதைவிட அழகான நினைவுச் சின்னத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் என் ஏக்கத்துக்கு ஒரு புறவாசலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் திண்ணையை மட்டும் எழுதினால் அது பாதி ஊர்தான்.

எங்கள் வயலில் நாற்றுப் பிடுங்கி, நட்டு, அறுத்து, களத்தில் நெல்லைத் தூற்றி அளந்து கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் வந்தேறி இல்லை. எங்கள் தெருவுக்கு முன்னாலேயே அவருடைய முன்னோர்கள் அந்த மண்ணில் இருந்தவர்கள். அவர் அந்தத் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முடுக்கு வழியே சுற்றிக்கொண்டு புறவாசலுக்கு வருவார். ஆச்சி நீச்சத்தண்ணியைச் செம்பில் கொண்டுபோய், கை படாத உயரத்தில் தூக்கி ஊற்றுவாள். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயோடு வைத்துக் குடிப்பார். பாதி முழங்கை வழியே வழிந்து வேட்டியில் சொட்டும். உப்புக்கல்லும் சின்ன வெங்காயமும் தொழுவத்துச் சுவரில் வைக்கப்படும். அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் நின்ற கிளி ஜோசியருக்குத் தண்ணீர் கொடுத்த அதே ஆச்சி, அதே செம்பு. ஆச்சி கெட்டவள் இல்லை. அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் போட்டு அனுப்புவாள், அவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் புறவாசல் வழியாக.

டீக்கடைகளிலும் அப்படித்தான். கீற்றுத் தட்டியில் அடித்த ஆணியில் தனியாகச் சில கிளாஸ்கள் தொங்கும். யாருக்கு எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடித்தவரே கழுவி அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் மட்டும் வேறு விதம். 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு எங்கள் எல்லோரையும் ஒரே வராந்தாவில் சப்பணமிட வைத்தது. என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்ற சிநேகிதன் அந்தப் பெரியவரின் பேரன். மணி அடித்ததும் அவன் கிழக்கே போவான், நான் மேற்கே வருவேன். எங்கள் தெருவுக்குள் அவன் வந்ததை நான் பார்த்ததே இல்லை.

ஏழையையும் புதிதாக வந்தவனையும் சின்ன ஊர்கள் எப்படி நடத்தின என்று இங்கிலாந்தின் கதையைப் படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. அங்கே 1662-ல் ஒரு சட்டம் வந்தது. பிழைக்க வழியில்லாமல் நமக்குப் பாரமாகிவிடுவான் என்று தோன்றினால், புதிதாக வந்தவனை அவன் பழைய ஊருக்கே திருப்பி அனுப்ப ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் அதிகாரம். 1697-ல் உதவி வாங்கும் ஏழைகள் சட்டைத் தோளில் அடையாள எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர்களும், ஊருக்குள் வந்தவனை வெளியேறச் சொல்லி ஓலை கொடுக்கும் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். காரணம், ஏழைகளைக் காப்பது அங்கே ஊர் வரியிலிருந்து. வரி கட்டுகிறவனுக்கு, யாருக்குச் சோறு போடுகிறோம் என்ற கணக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அப்படி வரி கிடையாது. சோறு போடுவது அந்தந்த வீட்டின் தர்மம். ஆகவே யாரையும் சீட்டுக் கொடுத்து விரட்டும் அவசியம் ஊருக்கு வரவில்லை. எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டினால் போதுமாக இருந்தது. அதற்குத் தைத்த அடையாளமும் வேண்டியிருக்கவில்லை. பிறந்த தெருவே அடையாளம்.

தாது வருஷப் பஞ்சத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் அந்த இங்கிலாந்துக் கணக்கை இங்கே கொண்டுவந்தது. 1877-ல் அந்த அரசாங்கம் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். சொந்த வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் உள்ள இடத்தில் உடல் வலுவுள்ளவருக்கு வேலை கிடையாது என்றும் விதித்தார். பசித்தவனை அவன் ஊரிலிருந்து பெயர்த்து, தெரியாத ஊரில் தெரியாதவனாக நிறுத்தி, அதன் பிறகு கஞ்சி. திண்ணை இருந்த வீடுகளிலேயே குதிர் காலியாகக் கிடந்த காலத்தில் அப்படி வந்து நின்றவர்களுக்கு எந்த வாசல் திறந்திருக்கும்?

திண்ணை கிடைக்காதவர்களில் சிலர் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ச் சாலையின் மறுமுனைப் பக்கம் இருக்கும் திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரத்துக்குப் போன நாடார்களை அந்த ஊர்கள் உட்கார வைக்கவில்லை. அவர்கள் பேட்டை என்று சுற்றுச்சுவர் எழுப்பி, மாடும் மூட்டையும் மனிதர்களும் இராத்தங்க இடம் செய்தார்கள். விற்ற சரக்குக்கு மகமை என்று ஒரு தொகையை எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் கிணறு, கோயில், 1885-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எல்லாம் வந்தன. கோயில் நுழைவுத் தகராறு முற்றி 1899-ல் சிவகாசியைக் கொளுத்தினார்கள். கலவரம் எங்கள் திருநெல்வேலிச் சீமை கிராமங்கள் வரை பரவியது. எனக்கு இந்தக் கதையில் கலவரத்தைவிடப் பேட்டைதான் மனசில் நிற்கிறது. உட்காரச் சொல்லாத ஊரில், உட்காருவதற்கு ஒரு சுவர் கட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே ஒரு பள்ளிக்கூடத்தையும் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலமும் கம்பும் வைத்திருந்த சாதிகளையும் ஒரு காலம் வாசலில் நிற்க வைத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது கள்ளர், மறவர் உள்ளிட்ட பல சமூகத்து ஆண்கள் ரேகை பதிந்து, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டியிருந்தது. வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு. பெண் கட்டிய ஊருக்குப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். 1947-ல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். ஒரு ஊருக்குள் போகும்போதே திருடனாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துத் தாத்தாக்களுக்கு உடம்பிலேயே தெரியும். தெரிந்தும் புறவாசல் புறவாசலாகவே இருந்தது. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

எங்கள் மண்ணுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. பக்கத்து நெற்கட்டும்செவலில் ஆண்ட பூலித்தேவனின் கோட்டைகளில் ஒன்று வாசுதேவநல்லூரில் இருந்தது. மண்ணால் கட்டிய கோட்டை. வெள்ளைக்காரக் கம்பெனிப் படையை நடத்தி வந்த யூசுப்கானிடம் 1761-லும் கர்னல் கேம்பலிடம் 1767-லும் அது பீரங்கி அடி வாங்கியது. உடைந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக மண்ணும் வைக்கோலும் பனையும் வைத்து அடைத்தார்கள். பூலித்தேவன் படையில் முன்னின்றவர்கள் என்று ஜனங்கள் சொல்லும் பெயர்கள் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி. ஒருவர் அருந்ததியர், ஒருவர் தேவேந்திரர். கோட்டைச் சுவரை அடைத்தபோது ஒரே மண்ணைப் பல கைகள் பிசைந்திருக்கும். அந்தக் கைகளின் பேரன்மார்களைத்தான் நாங்கள் புறவாசலில் நிற்க வைத்தோம். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. வழியெல்லாம் போலீஸ் வேன்கள். சேர்ந்து சண்டை போட்டவர்களுக்குத் தனித்தனியாக, நேரம் ஒதுக்கி மாலை போடுகிறோம்.

ஊரை விட்டுப் போனவர்களின் ஏக்கம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் ஊர் விளிம்பில் இருந்த சிலோன்காரங்க வீடு. தென்மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை. 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சப் பேருக்குப் பிறகு முடிவு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்த வீட்டு அம்மா தேயிலைச் சாயம் போடும் மணம் தெரு வரை வரும். லயத்தில் படுத்துக்கொண்டு தன் தாத்தா சொன்ன ஊர்க் கதைகளை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். கோயிலில் பாதி உடம்பு அம்மன், பாதி உடம்பு சாமி என்பது அவருக்கு ஊரைப் பார்ப்பதற்கு முன்பே தெரியும். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டார்கள். அவர் சொன்ன வீடு எப்போதோ இடிந்து மனையாகி, மனை வேறு கைக்குப் போயிருந்தது. குடும்ப அட்டைக்கும் வீட்டு மனைக்கும் அவர் நடந்த நடைக்கு அளவில்லை. கடைசியில் குடும்பத்தோடு மலைத் தோட்ட வேலைக்கே போய்விட்டார்கள். நூறு வருஷம் ஏங்கிய ஊர் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றது. சிலோன் அவர்களை இந்தியாக்காரர்கள் என்றது.

1983-க்குப் பிறகு படகில் வந்த ஈழத் தமிழர்களுக்குக் கடையநல்லூர்ப் பக்கம் போகநல்லூரில் முகாம் வந்தது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. நல்ல காரியம். ஆனால் முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, எங்கள் தமிழையே பேசிக்கொண்டு பெயின்ட் வேலைக்குப் போகும் பையன்களை ஊர் இன்னும் கேம்ப் பையன் என்றுதான் கூப்பிடுகிறது. மேற்கே தலையணை என்ற இடத்தின் பக்கம் குடியிருக்கும் பளியர் பழங்குடியினர் விஷயம் இன்னும் கொடுமை. மலை அவர்களுடையது, தேனும் கிழங்கும் அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. சாதிச் சான்றிதழுக்காகக் கீழே இறங்கி வந்தால், அவர்கள்தான் அலுவலக வாசலில் புதிதாக வந்தவர்களாக நிற்கிறார்கள்.

1981 பிப்ரவரி 19 அன்று தென்காசிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்துத் தலித் குடும்பங்கள் பெருந்திரளாக இஸ்லாத்தில் சேர்ந்தன. டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்து காரணம் கேட்டார்கள். எந்த டீக்கடை ஆணியைக் கேட்டிருந்தாலும் காரணம் சொல்லியிருக்கும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளை, ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிய வீடியோவை நாடே பார்த்தது. கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டது. வராதே என்று சொன்னவர்களிடமே வராதே என்று சட்டம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஊரின் மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடியது.

இப்போது எங்கள் வீட்டை இடித்துக் கட்டுகிறோம். கொத்தனாருக்குக் கையாளாக ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் கூரையில்லாத பட்டாசலில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஆனாலும் எந்தூரு என்று கேட்டுத் தும்கா என்று பதில் வாங்கிவிட்டாள். தினமும் காலையில் போனில் எனக்கு, தும்காவில் மழை பெய்ததா இல்லையா என்ற தகவலும் சேர்ந்து வருகிறது. பிளானில் திண்ணை இல்லை. முன்னால் கார் நிற்க இடம், அதற்கு இரும்புக் கதவு. திண்ணை வைத்தால் கண்டவனும் வந்து உட்காருவான் என்கிறான் அண்ணன். கண்டவனும் உட்காரத்தானே திண்ணை என்று நான் ஊருக்குப் போய் அவனோடு சண்டை போட்டேன்.

வயரிங் வேலைக்கு வந்திருந்தது என் பழைய சிநேகிதனின் தம்பி, அந்தப் பெரியவரின் இளைய பேரன். சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "எங்க தாத்தா உக்காராத திண்ணைய மறுபடி கட்டி என்ன செய்யப் போறிய, அண்ணாச்சி?"

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டான். நான் அவரிடம், இந்தத் தடவை வீட்டுக்குப் புறவாசல் இருந்தாலும் அது குப்பை கொட்டப் போகும் வழியாக மட்டும்தான் இருக்கும், வருகிறவர் யாரானாலும் முன்வாசல்தான், திண்ணையில் முதலில் நீங்கள்தான் உட்கார வேண்டும் என்றேன். அவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. வெட்டிய காடியை விரலால் தடவிப் பார்த்தபடி, "கட்டுறதா இருந்தா ஓரத்துல ஒரு பிளக் பாயிண்ட் வச்சிரலாம். நடந்து வாரவன் இப்ப தண்ணிக்கு முன்னாடி சார்ஜுதான் கேப்பான்" என்றார்.

தெற்குப் பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அதற்கான பைப்பைப் பதித்துவிட்டார். திண்ணைக்கு அண்ணன் சம்மதித்துவிட்டான். முன்னால் கம்பிக் கதவு வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறான். தை மாதம் பால் காய்ச்சுவதற்குள் அவனை இன்னும் இரண்டு தடவையாவது பார்த்துப் பேச வேண்டும்.